கைப்பிடி: ஒரு சிறு வரலாறு

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை. மழை விட்டிருந்தது. கல்லூரி முடிந்து கீழ்வேளூரைத் தாண்டிச் சிக்கல் நோக்கி வந்துகொண்டிருந்தேன். சாலையின் குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி ஓடிவர, வண்டியைச் சட்டென்று இடப்புறம் வளைத்தேன். அந்தக் கணத்தில் இடக்கையிலிருந்த ரப்பர்ப் பிடி ஹேண்டில்பாரை விட்டு உருவிக்கொண்டு என் கையோடு வந்துவிட்டது. உடல் ஒருபக்கமாகச் சாய, எஞ்சியிருந்த வலக்கை தன்னையறியாமல் முறுக்கிக்கொண்டது. வலக்கையில் இருப்பது ஆக்சிலரேட்டர். நிற்க வேண்டிய வண்டி வேகமெடுத்தது. கிளட்ச்சைப் பிடிக்க இடக்கை இல்லை. அதில் ஒரு சாண் நீள ரப்பர்க் குழாய் இருந்தது. சாலையோரச் சேறு என்னைத் தாங்கிக்கொண்டதால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் என் முழங்கையைப் பார்க்கவில்லை. கழன்ற பிடியை வாங்கி உள்ளே விரலைவிட்டுத் தடவி மூக்கருகே கொண்டுபோனார். "சார், இதை யார் மாட்டினது?"

நான்தான் மாட்டினேன். பழைய பிடி தேய்ந்துபோனதால் இரண்டு மாதங்களுக்கு முன் புதிது வாங்கினேன். அது உள்ளே நுழைய மறுத்தது. எனவே ஹேண்டில்பாரில் தேங்காய் எண்ணெய் தடவினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தமிழ் படித்தவனுக்கு இதற்கு மேல் என்ன பொறியியல் தெரியும்?

"மண்வெட்டிக் காம்பு ஆடினா தண்ணியில போடுவோம். மரம் ஊறி இறுகிடும். ரப்பர் அப்படி இல்ல சார். எண்ணெயைக் குடிச்சா அதுவும் ஊதும். ஆனா ஊத ஊத உள்வாய் பெருசாயி தளர்ந்துபோகும். மரத்துக்குச் செய்றதை ரப்பருக்குச் செய்யலாமா?"

மறுநாள் காலை வரச் சொன்னார். அன்றிரவு அந்தப் பிடியை மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தேன். மனிதன் ஒரு கருவியைத் தொடும் இடம் அதன் பிடி. அரசர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு எழுதியிருக்கிறோம், பிடிக்கு எழுதினோமா? இக்கட்டுரை அந்த இரவின் யோசனையிலிருந்தும், பிறகு தேடிப் படித்தவற்றிலிருந்தும் எழுந்தது.

*

தமிழில் பிடிக்குப் பெயர்கள் உண்டு. மண்வெட்டிக்கும் அரிவாள்மணைக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில்லை நாம். காம்பு, கைப்பிடி, குமிழ், மேழி என்று ஒவ்வொரு கருவிக்கும் கை வைக்கும் இடம் தனிப்பெயர் பெற்றிருக்கிறது. கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் ஏரெழுபது கலப்பையின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துச் சிறப்பிக்கும்போது மேழியையும் விட்டுவிடவில்லை. உழவனின் கை மேழியை அழுத்தினால் கொழு ஆழ இறங்கும், தளர்த்தினால் மேலெழும். ஏர் செலுத்தியவருக்கு இது தெரியும். ஆனால் மேழி சுழல்வதில்லை. பிடிப்பதற்கும் அழுத்துவதற்கும் மட்டுமே உரியது அது. இயந்திர வண்டியின் பிடிக்கு மூன்றாவதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது: முறுக்குவது.

1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை முன்பின்னாகப் பொருத்தி, காலால் தரையை உந்திச் செல்லும் மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மூதாதை அதுவே. அதில் முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு மரத்தண்டு இருந்தது. முன்கைகளைச் சாய்த்துக்கொள்ள ஒரு பலகையும் இருந்தது. ஓட்டியவர் வண்டியைப் 'பிடித்தார்' என்பதைவிட அதன்மேல் சாய்ந்தார் என்பதே பொருத்தம்.

1860களின் பிற்பாதியில் பாரிஸில் மிஷோ பட்டறையின் மிதிவண்டிகள் வந்தன. அவற்றின் கைத்தண்டைச் சுழற்றினால் ஒரு கயிறு இறுகிப் பின்சக்கரத்தின்மேல் பிரேக்கை அழுத்தும். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ராக்ஸ்பரியில் சில்வெஸ்டர் ரோப்பர் நீராவியால் ஓடும் இருசக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அதன் கைத்தண்டை ஒரு பக்கம் சுழற்றினால் நீராவி திறந்து வண்டி ஓடும். மறுபக்கம் சுழற்றினால் பிரேக் விழும். மணிக்கட்டைக் கொண்டு இயந்திர ஆற்றலை ஆளும் எண்ணத்தின் தொடக்கங்களில் இது ஒன்று. ரோப்பர் 1896-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தம் 72-ஆம் வயதில், பிற்காலத்தில் தாமே செய்த இன்னொரு நீராவி வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்துபோனார். அவருடைய முதல் வண்டி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெட்ரோலால் ஓடிய முதல் இருசக்கர வண்டி என்று பொதுவாகக் கொள்ளப்படுவது 1885-இல் டைம்லரும் மைபாக்கும் கான்ஸ்டாட்டில் செய்த மரச்சட்ட வண்டி. அதன் வரைபடத்தில் முறுக்குப் பிடி இருந்தது. ஒரு பக்கம் முறுக்கினால் வார் இறுகிச் சக்கரத்துக்கு ஆற்றல் போகும். மறுபக்கம் முறுக்கினால் பிரேக். ஆனால் உண்மையில் செய்து ஓட்டிய வண்டியில் அந்த ஏற்பாடு இல்லை. சாதாரணக் கைத்தண்டு ஒன்றே இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் டைம்லரின் மகன் பால் அதை ஓட்டிச் சென்றபோது, கீழேயிருந்த எஞ்சினின் வெப்பத்தால் இருக்கை தீப்பிடித்துக்கொண்டது. இருக்கையே எரியும் நிலையில் பிடியைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்!

முறுக்குப் பிடி நிலைபெறத் தொடங்கியது 1904 வாக்கில், அமெரிக்காவில். கிளென் கர்ட்டிஸின் வண்டிகளிலும் 'இந்தியன்' வண்டிகளிலும் அது வந்தது. ('இந்தியன்' என்ற பெயரைப் பார்த்து மகிழ வேண்டாம். அது ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து நிறுவனம். பெயர் குறிப்பது அமெரிக்கப் பழங்குடிகளை.) அந்தப் பிடிகள் தொடக்கத்தில் சிறு கம்பிகளும் மூட்டுகளுமாக எஞ்சினோடு இணைக்கப்பட்டிருந்தன. உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பிக்கு 1896-இலேயே இங்கிலாந்தில் பௌடன் உரிமம் பெற்றிருந்தார். இன்று நாம் 'கேபிள்' என்று சொல்வது அதைத்தான். வளைந்து நெளிந்து எங்கும் செல்லக்கூடிய அந்தக் கம்பி பரவிய பிறகே பிடியின் வேலை எளிதாயிற்று. ஆயினும் பிரிட்டிஷ் வண்டிகளில் 1920கள் வரை கட்டைவிரலால் தள்ளும் சிறு நெம்புகோல்களே பெரிதும் இருந்தன. எந்தக் கைக்கு எந்த வேலை என்பதிலும் ஒருமை இல்லை. 'இந்தியன்' வண்டிகளில் முடுக்கி நெடுங்காலம் இடக்கையில் இருந்தது. நான் விழுந்த அன்று என் வண்டியிலும் அப்படி இருந்திருந்தால், பிடி கழன்றதும் வேகம் தானாகவே தணிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

*

இனி, அந்தப் பிடி எதனால் ஆனது என்ற கேள்வி.

பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்ட பழைய சைக்கிள்களில் மரம், கொம்பு, கருங்கல் போல இறுகிய ரப்பர் ஆகியவற்றால் பிடிகள் செய்தார்கள். 1890களில் சமச் சக்கர சைக்கிள் பரவியபோது தக்கைப் பிடி பரவலாயிற்று. தக்கை வியர்வையில் வழுக்காது, எடை குறைவு. ஆனால் உதிரும். எஞ்சின் வந்தபோது இவை எல்லாம் தோற்றன. காரணம் அதிர்வு. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் சட்டத்தின் வழியாகக் கைக்கு வருகிறது. இடைவிடாத அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து அவற்றை வெளுத்து மரத்துப்போகச் செய்யும். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த கல்குவாரித் தொழிலாளர்களிடம் இதை 1918-இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்து எழுதினார். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போனவர்கள் இறங்கியதும் கையை உதறிக்கொள்வதை நாமும் பார்த்திருக்கிறோம். இரும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெத்தை வேண்டியிருந்தது. அதற்கு ரப்பரைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை.

ரப்பருக்கும் கைப்பிடிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த பழங்குடிகள் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே மரப்பாலை ஒருவகைக் கொடியின் சாற்றோடு கலந்து ரப்பராக்கத் தெரிந்திருந்தார்கள். பந்து செய்தார்கள் என்பது பலருக்கும் தெரியும். கற்கோடரியின் தலையை மரக்காம்போடு இறுகக் கட்டுவதற்கும் ரப்பர்ப் பட்டைகளையே பயன்படுத்தினார்கள். காம்பு தளராமல் இருக்க ரப்பர்! தேங்காய் எண்ணெய் தடவிய எனக்கு இதைப் படித்தபோது சற்று வெட்கமாக இருந்தது.

ஐரோப்பியரின் கைக்கு வந்த ரப்பர் கோடையில் பிசுபிசுத்தது, குளிரில் வெடித்தது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதனோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இரண்டு குறையும் நீங்கும் என்று கண்டார். 1844-இல் உரிமமும் பெற்றார். 1860-இல் கடனாளியாக இறந்தார். 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தபின் ரப்பரின் தேவை பெருகியது. கார்கள் பெருகியதும் பெருவெள்ளமாயிற்று. 1910-இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. பிடிக்குப் போன ரப்பர் டயருக்குப் போனதோடு ஒப்பிட்டால் துளிதான். ஆனால் அந்தத் துளியும் எங்கோ ஒரு மரத்தில் வடிந்ததுதானே.

*

அந்த மரம் பிரேசிலுக்கு உரியது. 1876-இல் ஹென்றி விக்கம் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மிகச் சிலவே. அவற்றிலிருந்து கன்றுகள் இலங்கைக்கும், அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கும் போயின. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். காபி பயிரிட்டு நொந்திருந்த மலாயாத் தோட்டக்காரர்களை ரப்பருக்கு இழுத்தவரும் அவரே.

விதை பிரேசிலிலிருந்து, மூலதனம் லண்டனிலிருந்து. கை எங்கிருந்து? நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய நம்மவர்களிடமிருந்து. முதலில் ஒப்பந்தக் கூலிகளாக. 1910-இல் அந்த முறை ஒழிக்கப்பட்ட பின் கங்காணிகள் வழியாக. 1938-இல் இந்திய அரசு அதற்கும் தடை விதித்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று எத்தனையோ ஊர்களிலிருந்து போனவர்கள். அகிலன் 'பால்மரக் காட்டினிலே' நாவலில் எழுதியது இவர்களின் வழித்தோன்றல்களைப் பற்றித்தான்.

என் தாத்தா 1936-இல் தம் 17-ஆம் வயதில், நாகையிலிருந்து 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்குப் போனவர். கெடாவில் ஒரு தோட்டம். நம் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் அதே கெடா. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். நாளொன்றுக்கு 300-க்கும் மேற்பட்ட மரங்கள். வளைந்த கத்தியால் பட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம், கூலிக்குப் பிடித்தம். கத்தியின் காம்பைப் பிடிக்கும் பக்குவம் வர ஆறு மாதமாகும் என்பார். அவருடைய வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு காய்ப்பு இருந்தது. ஊர் திரும்பி நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் அது கரையவில்லை.

1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டத் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். தாத்தாவோடு ஒரே லயத்தில் இருந்த அவருடைய தம்பி அப்படிப் போனவர்களில் ஒருவர். திரும்பவில்லை. ரப்பர் கிடைக்காமற் போன அமெரிக்கா அதே ஆண்டுகளில் செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் பிடிகளில் எண்ணெயிலிருந்து பிறந்த செயற்கைக் கலவைகளும் மிகுதி. ஒரு வேதியியல் வரலாற்றின் திருப்புமுனையும் எங்கள் வீட்டின் ஓர் இழவும் ஒரே நிகழ்வில் தொடங்கியவை என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

தாத்தா மோட்டார் சைக்கிள் ஓட்டியதே இல்லை. ஒரு சைக்கிள் வைத்திருந்தார். அதை வெயிலில் நிறுத்த விடமாட்டார். "ரப்பர் செத்துப்போகும்" என்பார். சிறுவனாக இருந்தபோது ஒருமுறை கேட்டேன்: "தாத்தா, நீங்க எடுத்த பாலெல்லாம் எங்க போச்சு?" அவர் சைக்கிளின் கைப்பிடியை அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கப்பல்ல போச்சு. அதுக்கு மேல எங்களுக்கு யாரு சொன்னா?"

*

ஒருவேளை அது சென்னைக்கும் வந்திருக்கலாம். 1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கித் திருவொற்றியூரில் 'புல்லட்' வண்டிகளைக் கோக்கத் தொடங்கினார்கள். அதே காலத்தையொட்டி நம் சாலைகளுக்கு ஸ்கூட்டர்களும் வந்தன. இத்தாலியில் 1946-இல் வெஸ்பா கொண்டுவந்து, பின்னர் லாம்பிரெட்டாவும் மேற்கொண்ட வழக்கப்படி, அவற்றில் இடப்பிடியைக் கிளட்ச்சோடு சேர்த்துச் சுழற்றினால் கியர் மாறும். ஸ்கூட்டர் ஓட்டிய தலைமுறைக்கு இடது மணிக்கட்டில் நான்கு கியர்களும் மனப்பாடம். அந்த வண்டியில் ரப்பர் தளர்ந்தால் ஆபத்து வேறு வகை: கை சுழலும், ரப்பர் சுழலும், கியர் மட்டும் அங்கேயே நிற்கும்.

மறுநாள் காலை பாயின் கடைக்குப் போனேன். இப்போது அவர் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன், யாருக்கேனும் பயன்படலாம். எண்ணெய் குடித்த பிடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஜோடி எடுத்தார். ஜோடியில் இரண்டும் ஒன்றல்ல. ஹேண்டில்பாரின் விட்டம் 22 மில்லிமீட்டர். இடப்பிடி நேராக அதன்மேல் உட்காரும். வலப்புறத்தில் முடுக்கியின் பிளாஸ்டிக் குழல் நடுவே இருப்பதால் வலப்பிடியின் உள்வாய் சற்றுப் பெரிது. மாற்றி மாட்டினால் இடப்புறம் என்றைக்கும் நிற்காது. ஹேண்டில்பாரில் இருந்த எண்ணெயைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். துரு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடி துடைத்து நன்றாகக் காயவிட்டார். பிடியைச் சிறிது நேரம் வெந்நீரில் போட்டு இளக்கி, உள்ளும் புறமும் ஈரம் போகத் துடைத்தார். பிறகு பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மெல்லிதாகத் தடவி, நிறுத்தாமல் முறுக்கிக்கொண்டே ஒரே மூச்சில் தள்ளினார். பாதியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளுமாம்.

வலப்புறத்துக்கு வந்தபோது கை நிதானப்பட்டது. "இங்கதான் சார் ஆளு சாவுறது. பசை குழலுக்கு உள்ள போச்சுன்னா ஆக்சிலேட்டர் முறுக்கின இடத்துலயே நின்னுடும்." பசையைக் குழலின் மேற்புறத்தில் மட்டும் தடவினார். பிடியின் முனை ஹேண்டில்பாரின் கடைசியில் உரசாமல் ஒரு நூலிடை விட்டார். முறுக்கிக் கையை எடுத்துப் பார்த்தார், சட்டென்று திரும்பியது. ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பிடித்தும் அதையே செய்து பார்த்தார். கடைசியில் இடப்பிடியின் பள்ளத்தில் மெல்லிய கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி, முனையைக் கையில் குத்தாதபடி கீழ்நோக்கி மடக்கி அழுத்தினார். வண்டியை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்றார். கூலியாக அவர் வாங்கியது ஒரு சாப்பாட்டுக் காசு.

நான் சொல்யூஷன் டியூபைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். 1823-இல் ஸ்காட்லாந்துக்காரரான மக்கின்டாஷ், தார் எண்ணெயில் ரப்பரைக் கரைத்து மழைக்கோட்டுத் துணி செய்தார். இந்தப் பசையும் அந்த வழியில் வந்ததே: ரப்பர்தான், கரைப்பானில் கரைந்து கிடக்கிறது. கரைப்பான் ஆவியாகப் போய்விட, ரப்பர் மீண்டும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டு நாள் கழித்துச் சிக்கல் சாலையில் அதே இடத்தைக் கடந்தேன். இடக்கை பிடியை ஒருமுறை முறுக்கிப் பார்த்தது. அசையவில்லை. தாத்தா கேட்ட கேள்விக்கு யாரும் சொல்லாத விடையில் ஒரு துளியாவது இப்படி ஏதோ ஒரு கைக்குள் போயிருக்கும். ஓட்டியவருக்கு அது தெரிந்திருக்காது. என் கையில் இருக்கும் பிடிக்குப் பாலெடுத்தவர் யாரென்று எனக்கும் தெரியாது.